சான்டா ஃபே பாதை குடியேறப் போனவர்களின் பாதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் பழைய கூண்டு வண்டிப் பாதைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலம் தேடிக் குடும்பத்தோடு மேற்கே போனவர்களின் கஷ்டத்தை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் சான்டா ஃபே பாதையையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பது சரியில்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து, தொடக்கத்தில் மெக்சிகோவிடம் இருந்த நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகருக்குப் போன அது, முதன்மையாகச் சரக்குப் பாதை. பல வருடம் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவன் என்பதால் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஸ்பெயின் ஆட்சி இருந்தவரை நியூ மெக்சிகோவுக்குள் வெளியார் வியாபாரத்துக்குத் தடை இருந்தது. 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் வழி திறந்தது. கடனில் தத்தளித்த மிசௌரிக்காரர் வில்லியம் பெக்நெல் அந்த வருடமே பொதி விலங்குகளோடு சான்டா ஃபே போய், வெள்ளிக்காசோடு திரும்பினார். மறுவருடம் வண்டிகளையே ஓட்டிப் போனார். தூரம் சுமார் 900 மைல். நாளுக்குப் பதினைந்து மைல் நகர்ந்தாலே பெரிது. போகும்போது துணி, ஊசி, கத்தி, இரும்புச் சாமான். வரும்போது வெள்ளி, கோவேறு கழுதை, கம்பளி.

வழியில் கவுன்சில் குரோவ் என்ற இடத்தில் வண்டிகள் ஒன்றுசேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அதைத் தாண்டினால் நல்ல மரம் கிடைக்காது என்பதால், அச்சு ஒடிந்தால் மாற்றுவதற்கு அங்கேயே கட்டை வெட்டி வண்டிக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். வறண்ட காற்றில் சக்கரக் கட்டை சுருங்கி இரும்புப் பட்டை தளரும். இடையில் ஆப்பு அடித்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

1839 வாக்கில் நியூ மெக்சிகோவின் ஆளுநர் அர்மிஹோ, உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் வண்டிக்கு 500 டாலர் என்று வரி போட்டார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பெரிய வண்டிகளாகக் கட்டி, சின்ன வண்டிகளின் பாரத்தையும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். கடைசியில் ஆளுநர் சரக்கின் மதிப்புக்கே வரி என்று பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கட்டுரையில் மெக்சிகோ வியாபாரி ஒருவர்கூட இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறை. அவர்களும் அதே பாதையில் கிழக்கே வந்து நேரடியாகக் கொள்முதல் செய்தார்கள். அந்தோனியோ ஹோசே சாவெஸ் என்ற வியாபாரி 1843-ல் வெள்ளியோடு மிசௌரிக்கு வரும் வழியில், இன்றைய கான்சாஸில் கொல்லப்பட்டார். கொன்றது மிசௌரியிலிருந்து கிளம்பிய கொள்ளைக் கூட்டம். அதன் தலைவனை அமெரிக்க நீதிமன்றமே தூக்கிலிட்டது. சினிமாவில் இந்த ஆபத்தைக் காட்டுவதில்லை. பாதைக்கு வழிவிட ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களோடு 1825-ல் ஒப்பந்தம் போட்டு, 800 டாலர் மதிப்புக்குக் கொடுத்து முடித்ததும் கட்டுரையில் இல்லை.

1880-ல் ரயில் சான்டா ஃபே வந்ததும் நெடுந்தூர வண்டிப் போக்குவரத்து நின்றுபோனது. அதுவரை இந்தப் பாதையில் சரக்கு இரண்டு பக்கமும் ஓடியது. உங்கள் வரைபடத்திலோ எல்லா அம்புக்குறியும் மேற்கையே காட்டுகின்றன. இணையப் பதிப்பிலாவது கிழக்கு நோக்கியும் ஒன்று போட்டுத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி புக்கிங் ஊழியர்,
சங்ககிரி.