குமிழி இல்லாமல் கண்ணாடியில் எழுத்து ஒட்ட: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும் சுகந்தானே? ஸ்டிக்கர் சீட்டை எழுத்தாக வெட்டும் கட்டிங் பிளாட்டர் இயந்திரம் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நீ ஸ்டிக்கர் எழுத்து ஒட்டிய கிளினிக் கண்ணாடிக் கதவின் படத்தைக் கூடவே அனுப்பியிருந்தாய், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இரண்டு வகைக் குமிழி இருக்கிறது. எழுத்தின் நடுவில் வழவழப்பாக உப்பியிருப்பது காற்று. ஓரங்களில் சின்னக் கூடாரம் போல் கூர்மையாக நிற்பது தூசி. கூடாரத்தின் உச்சியில் ஒரு துகள் கட்டாயம் இருக்கும். முதலாவது கையில் வந்த பிழை, இரண்டாவது துடைத்ததில் வந்த பிழை.

அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் பலகையில் ஒட்டினால் பலகைக்குள்ளிருந்தே வாயு கசிந்து இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடக் குமிழி கிளம்பும். கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. அதிலிருந்து எதுவும் கசியாது. ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது எதுவானாலும் ஒட்டிய அன்றைக்கு நாம் உள்ளே விட்டதுதான். அதனால் குமிழி இல்லாத வேலை கண்ணாடியில் நிச்சயம் முடியும்.

துடைப்பதில் அவசரப்படாதே. முழு வேலைக்கு ஒரு மணி நேரம் என்றால் அதில் பாதி துடைக்கத்தான். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே புது பிளேடைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் சுரண்டு. பெயின்ட் புள்ளி, சிமென்ட் தெறிப்பு, பழைய ஸ்டிக்கரின் பசை எல்லாம் இதில்தான் வரும். காய்ந்த கண்ணாடியில் பிளேடு வைக்காதே, கோடு விழும். டஃபன்டு கண்ணாடி (சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது) என்றால் ஒரு மூலையில் மெதுவாகச் சுரண்டிப் பார். அதன் மேல் சூளையில் ஒட்டிய நுண்துகள் சில சமயம் இருக்கும். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் கண்ணாடி முழுக்கக் கீறல்தான். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள பக்கத்தில் பிளேடே கூடாது. பிறகு ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து பஞ்சு உதிராத துணியால் துடை. அது தானாகக் காயும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் படிந்துவிடும். செய்தித்தாள், காட்டன் வேஸ்ட் இரண்டும் வேண்டாம். கடையில் விற்கும் கண்ணாடி ஸ்பிரேயும் வேண்டாம். பளபளப்புக்காகச் சேர்ப்பது பசையைப் பிடிக்கவிடாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: வெறும் தண்ணீரைத் தெளி. தகடாகப் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ சிலிக்கானோ இன்னும் இருக்கிறது. புதிதாக மாட்டிய கதவில் ஓரத்து சிலிக்கானைக் கையால் தடவி நடுக் கண்ணாடி வரை பரப்பியிருப்பார்கள், அதைக் குறிப்பாகக் கவனி. கண்ணாடி ஓரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, அதாவது ரப்பர் பீடிங், அதன் இடுக்கில் உள்ள தூசியைக் காகித நுனியால் வழித்து எடு. இல்லாவிட்டால் தண்ணீர் தெளித்ததும் அது மிதந்து உள்ளே வரும். ஒட்டும்போது ஃபேனை நிறுத்து.

அடுத்தது டேப். குமிழிகளில் பாதி கண்ணாடிக்குப் போகும் முன்பே மேஜையில் பிறந்துவிடுகிறது. வெட்டிய எழுத்தை அப்படியே தூக்கிக் கண்ணாடிக்கு மாற்றுவது அப்ளிகேஷன் டேப். எழுத்தின் மேல் அதைச் சுருக்கத்தோடு ஒட்டினால் அந்தச் சுருக்கம் எழுத்தின் வினைல் சீட்டுக்கு இறங்கி, அங்கிருந்து கண்ணாடிக்கும் போகும். டேப்பை நடுவில் தொடவிட்டு இரு பக்கமும் ஸ்குவீஜியால் (அழுத்தி வழிக்கும் தகடு) வழித்துக்கொண்டே போ. பிறகு ஈரமாக ஒட்டுவதென்றால் முழுவதையும் குப்புறப் போட்டு, உலர்வாக என்றால் கீழே சொல்லும் கீல் போட்ட பிறகு, ஸ்டிக்கரின் அடிக்காகிதத்தை 180 பாகையில் மடித்து உரி. எழுத்தைக் காகிதத்திலிருந்து இழுக்காதே, காகிதத்தை எழுத்திலிருந்து இழு. இழுபட்ட வினைல் கண்ணாடியில் ஒட்டிய பிறகு சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்கும்.

தமிழ் எழுத்தில் புள்ளி ஒரு தனிக் கவலை. ம், ண், க் எல்லாவற்றிலும் தலைக்கு மேல் தனியாக நிற்கும் அந்தச் சின்ன வட்டம் அடிக்காகிதத்திலேயே தங்கிவிடும். நடுவில் ஓட்டை உள்ள புள்ளியை விட்டுவிட்டுத் திடமான புள்ளியாக வை, விட்டம் 5 மி.மீ.க்குக் குறையாமல். டேப் ஒட்டியதும் ஒவ்வொரு புள்ளியையும் கட்டை விரலால் தனியே அழுத்து. கதவின் உள்பக்கம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டுமானால் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். சரியாக மாறியிருக்கிறதா என்று ‘ப’வைப் பார்த்து முடிவு செய்யாதே, அது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘ட’வைப் பார், உடனே தெரிந்துவிடும். உள்பக்கம் ஒட்டும்போது வெளியில் தெரிவது பசைப் பக்கம். சில சீட்டில் பசை சாம்பல் நிறம், அப்போது சிவப்பு மங்கிப்போகும். ஒரு துண்டை ஒட்டி வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வெட்டு.

ஸ்டிக்கர் சீட் பற்றிக் கேட்டிருந்தாய். தட்டையான கண்ணாடிக்கு உருளைகளால் அழுத்திச் செய்த காலண்டர்டு சீட் போதும். திரவமாக ஊற்றிச் செய்யும் காஸ்ட் சீட் மெல்லிசு, சுருங்காது, ஆனால் விலை கூட. பின்பக்கத்தில் காற்று வெளியேற நுண்வாய்க்கால் போட்ட சீட்டை உலர்வாக மட்டும் ஒட்டு. தண்ணீர் தெளித்தால் வாய்க்காலுக்குள் அது சிக்கிக்கொள்ளும். உள்பக்க வேலைக்கும் அது ஆகாது. அந்த வாய்க்கால் வரி வெளியிலிருந்து தெரியும்.

சின்ன எழுத்தை உலர்வாக ஒட்டு. ஈரத்தில் அது மிதந்து நகர்ந்துவிடும். இடத்தை அளந்து, எழுத்து வரியைக் கண்ணாடியில் வைத்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் போடு. அதுதான் கீல். ஒரு பாதியைத் தூக்கி, அடிக்காகிதத்தைக் கீல் வரை உரித்துக் கத்தரியால் வெட்டு. இனி நடுவிலிருந்து வெளியே ஸ்குவீஜியை 45 பாகையில் பிடித்து வழி. ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் பாதி மேல் ஏறிப் போகட்டும். இதில் ஒரே விதி: ஸ்குவீஜி வரும் முன் சீட் கண்ணாடியைத் தொடக்கூடாது. மறு கை அதைத் தள்ளித் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் ஓரிடம் தொட்டுவிட்டால், ஒட்டிய இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் காற்றுக்குப் போக வழி ஏது? உன் கதவின் நடுக் குமிழிகள் இப்படி வந்தவைதான். அந்தப் பாதி முடிந்ததும் கீல் டேப்பை எடுத்துவிட்டு அடுத்த பாதி.

ஃப்ராஸ்டட் சீட் (பனி படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும் சீட்), அகலமான பட்டை, பெரிய லோகோ என்றால் ஈரமாக ஒட்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் பத்துச் சொட்டு போதும். நுரை பொங்கினால் அதிகம். பசை பிடிக்காது, ஒரு வாரம் கழித்து ஓரம் தூக்கும். போர்த் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளையாக உள்ளே உறையும், ஆர்.ஓ. தண்ணீர் எடு. கண்ணாடி, பசைப் பக்கம் இரண்டையும் தாராளமாக நனை. வைத்து நகர்த்தி இடம் சரிசெய். டேப்பின் மேலும் தெளித்தால் ஸ்குவீஜி வழுக்கி ஓடும். முதல் சுற்று நடுவிலிருந்து லேசாக, இரண்டாவது சுற்று பலமாக. இதற்குக் காகித டேப்தான் நல்லது, தண்ணீரை உறிஞ்சித் தானே விட்டுக்கொடுக்கும். வெயில் காலத்தில் இருபது நிமிடம், மழைக்காலத்தில் முக்கால் மணி காத்திருந்து, டேப்பை 180 பாகையில் மடித்து மெதுவாக உரி. எழுத்து கூடவே எழுந்தால் திரும்பப் படியவிட்டு அழுத்து, இன்னும் பத்து நிமிடம் பொறு. கடைசியில் ஸ்குவீஜியில் மெல்லிய துணி சுற்றி ஓரங்களை இன்னொரு முறை வழி. பீடிங்கிலிருந்து 2 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டு, தண்ணீர் வெளியேற அதுதான் வாசல்.

நேரமும் முக்கியம். மேற்குப் பார்த்த கடைக் கண்ணாடியை மதியத்துக்கு மேல் தொடாதே. கை வைத்தால் சுடும் கண்ணாடியில் பசை தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் வழிக்கும் முன் ஆவியாகிவிடும். காலை எட்டரைக்குள் முடி. வெயில்படும் சாதாக் கண்ணாடி முழுவதையும் கறுப்பு ஸ்டிக்கரால் மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பாதி வெயில், பாதி நிழல் விழும்போது சூட்டு வித்தியாசத்தில் கண்ணாடியே விரிசல் விடலாம்.

இனி அந்தக் கிளினிக் கதவு. கடுகு அளவுக் குமிழிகளை விட்டுவிடு, அடுத்த சில வாரங்களில் காற்று தானே போய்விடும். ஃப்ராஸ்டட்டில் தெரியும் ஈர மங்கலும் அப்படித்தான். பெரியதை ஊசியால் குத்து, ஆனால் நடுவில் அல்ல, குமிழியின் ஓரத்தில் சாய்வாக. எதிர் ஓரத்திலிருந்து ஓட்டையை நோக்கிக் கட்டை விரலால் தள்ளு. நடுவில் குத்தினால் ஓட்டை இருக்கும் இடம் முதலில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் வளையமாகக் காற்று நின்றுவிடும். பிளேடால் கீறாதே, கீறல் நாளடைவில் வாய் பிளக்கும். தூசிக் கூடாரத்துக்கு மருந்து இல்லை. அந்த எழுத்தை மட்டும் ஹேர் டிரையரால் பரவலாகச் சூடாக்கி உரித்து, பசையைச் சுத்தம் செய்து, புதிதாக வெட்டி ஒட்டு. ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் துடைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வா. ஈரமாக ஒட்டியதென்றால் ஒரு வாரம்.

அடுத்து வருவதாகச் சொன்ன ஃப்ராஸ்டட் வேலைக்குக் கண்ணாடி அகலம் எவ்வளவு என்று எழுது. 4 அடிக்குள் என்றால் ஒரே சீட் அகலத்தில் முடியும். மேலே போனால் இணைப்பு எங்கே வரும் என்று முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும், பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்