கருவி வந்துவிட்டது, அது படிக்கும் கோப்பு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம் முழுக்க, பார்வைக் குறைபாடும் கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக் அதிலேயே உண்டு. மடிக்கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்க் குரலும் இருக்கிறது. இத்தனை இருந்தும் பிள்ளைகள் பாடத்தைத் தாங்களாகப் படிக்க முடியவில்லை. நாம் அவர்களுக்குக் கொடுக்கும் கோப்புகளே அதற்குக் காரணம். அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறோம்.

வினாத்தாளும் பயிற்சித்தாளும் பெரும்பாலும் டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ வெறும் ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, பதிவானதைத்தான் படிக்கும். ஆகவே பிள்ளையின் காதில் 'எம், கே, கே, எச்' என்றுதான் விழுகிறது. ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்கும் பிள்ளை காதுப்பொறியைக் கழற்றி வைக்காமல் வேறு என்ன செய்யும்?

கோப்பு சரியானதா என்று எந்த ஆசிரியரும் அரை நிமிடத்தில் சோதிக்கலாம். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு செய்தியாக ஒட்டுங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்தால் பழைய எழுத்துரு. தமிழாக வந்தும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் வேறொரு கோளாறு. அதைக் கீழே சொல்கிறோம். அப்படியே தெளிவாக வந்தால் யூனிகோட், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் பொதுத் தர முறை. அந்தக் கோப்பை நம்பிக் கொடுக்கலாம்.

தட்டச்சு செய்பவர்கள் பாமினி விசைப்பலகைக்குப் பழகிய கையை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பழைய விசைகளையே தட்டலாம். பதிவாவது யூனிகோடாக இருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். இன்னும் பாமினியிலேயே வினாத்தாள் அடிப்பதற்கு வழக்கம் ஒன்றைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கலாம். அப்போது அறிவியலிலும் கணக்கிலும் ஒரு பிழை வரும். மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. சென்டிமீட்டரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளான சி, எம் இரண்டும் பாமினியில் உ, அ ஆகும். ஆக '5 செ.மீ.' என்று இருக்க வேண்டிய இடத்தில் '5 உஅ' என்று வந்து நிற்கும். வேதியியல் குறியீடுகளும் இப்படியே சிதையும். அதனால் ஆங்கிலம் வரும் இடங்களை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மாற்றி முடித்ததும் அவற்றை மட்டும் கையால் திரும்ப அடிக்க வேண்டும்.

இனி, கொம்பு இடம் மாறும் கோளாறு. 'தோணி' என்ற சொல் யூனிகோடில் முதலில் 'த', அடுத்து 'ோ' என்ற வரிசையில் பதிவாக வேண்டும். அச்சுக்காகத் தயாரான சில பி.டி.எஃப். கோப்புகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு 'த', பிறகு கால். நகலெடுத்தால் 'ேதாணி' என்று வரும். திரைவாசிப்பான் கொம்பை எதனோடு சேர்ப்பது என்று தெரியாமல் 'தாணி' போல ஏதோ ஒன்றைச் சொல்லும். கொம்பையும் அதற்கு அடுத்த மெய்யையும் இடம் மாற்றும் தேடல்-மாற்றல் கட்டளையால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் கோப்பு முழுக்க இதே கோளாறு இருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். சரியாக உள்ள 'கேட்டான்' மீது அதே கட்டளை பாய்ந்தால் 'கே'யின் கொம்பு 'ட்' மேல் ஏறிவிடும். இன்னொன்று: 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' இரண்டையும் சேர்த்து அடிப்பவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காதுக்கு ஔவையார் 'ஒளவையார்' ஆகிவிடுகிறார்.

அச்சில் மட்டும் இருக்கும் பக்கத்தை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதானால் இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுக்கக் கூடாது; புத்தகத்தின் முதுகை ஒட்டி வளையும் இடத்தில் எழுத்து சுருங்கி, அந்தப் பகுதி தப்பும் தவறுமாக வரும். படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்து பிரிந்து வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், 2 எம்.பி.க்குள் இருக்கட்டும். பிறகு மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். புள்ளி விழுந்துபோகும்: 'கல்' 'கல' ஆகும். துணைக்காலும் 'ர'வும் மாறும், 'எ'யும் 'ஏ'யும் மாறும். வரி முடிவில் உடைந்த சொற்கள் உடைந்தபடியே இரண்டு சொல்லாக நிற்கும்.

கோப்பு யூனிகோடாக இருந்தாலும் வினாத்தாள் அமைப்பே பிள்ளையைத் தடுக்கும் இடங்கள் உண்டு. இதை ஆசிரியர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

'கோடிட்ட இடத்தை நிரப்புக' கேள்வியில் 15 அடிக்கோடு போட்டால் சில அமைப்புகளில் திரைவாசிப்பான் 'அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர்' என்று 15 முறை சொல்லும். வேறு சிலவற்றில் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிடும். விடுபட்ட சொல் எங்கே என்றே பிள்ளைக்குத் தெரியாது. கோட்டுக்குப் பதில் அந்த இடத்தில் 'கோடிட்ட இடம்' என்றே எழுதுங்கள். 'அடிக்கோடிட்ட சொல்லின் எதிர்ச்சொல் தருக' என்பதும் அப்படித்தான். அடிக்கோடு காதில் விழாது. 'இவ்வாக்கியத்தில் உள்ள "உயர்ந்த" என்ற சொல்லின் எதிர்ச்சொல்' என்று கேட்டால் பார்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை, பார்க்க முடியாத பிள்ளைக்கும் குறையில்லை. 'பொருத்துக' கேள்வியை ஸ்பேஸ் தட்டி இரண்டு பத்தியாக நிறுத்தினால் திரைவாசிப்பான் குறுக்கே படிக்கும்; முதல் வரியின் கேள்வியும் அதற்குச் சம்பந்தமில்லாத விடையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இடப்பக்கம் முழுவதையும் 1 முதல் 5 வரை, வலப்பக்கம் முழுவதையும் அ முதல் உ வரை, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுங்கள்.

பாட நூலுக்கு இரண்டு தேவை உண்டு. பாடத் தலைப்பு, உட்தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் போதாது. வேர்டில் 'ஹெடிங்' பாணியைக் கொடுங்கள். அப்போதுதான் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். அடுத்து, அச்சு நூலின் பக்க எண்ணையும் அந்தந்த இடத்தில் ஒரு தலைப்பாகவே போடுங்கள். வகுப்பில் ஆசிரியர் 'பக்கம் 47 எடுங்க' என்றதும் மற்ற 30 பேரோடு இந்தப் பிள்ளையும் அதே இடத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

படங்களுக்கு விளக்கம் எழுதும்போது 'வரைபடம்' என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. நம் மாவட்ட வரைபடமென்றால் இப்படி எழுதலாம்: 'வடகிழக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நிலம் கிழக்கே கூம்பி மண்டபத்தில் முடிகிறது. அதற்கு அப்பால் பாம்பன் தீவு நீண்டு தனுஷ்கோடியில் முனையாகிறது.' தொட்டுணரும் வரைபடமும் இங்கே கிடைப்பதை வைத்தே செய்யலாம். தடித்த அட்டையில் கடல் பகுதிக்குப் பழைய வலைத் துண்டை ஒட்டுங்கள், நிலத்தை வெறுமையாக விடுங்கள், கரைக்கோட்டுக்குத் தடித்த பருத்தி நூலை ஒட்டுங்கள். மெல்லிய நைலான் நரம்பு வேண்டாம், பசையில் நிற்காமல் வழுக்கிவிடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். நெருங்கினால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

குறைப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கி ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பது வழக்கம். அது 141 சதவீதம். 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 17 புள்ளி ஆகும். தாளோ பெஞ்சை விட்டு வெளியே தொங்கும். ஒரு வரி முடிவதற்குள் பிள்ளை தலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துப் போக வேண்டும். யூனிகோட் கோப்பு கையில் இருந்தால் எழுத்தை 18 முதல் 24 புள்ளியாக்கி, வரி இடைவெளி ஒன்றரை வைத்து, பளபளப்பில்லாத ஏ4 தாளிலேயே அச்சிடலாம்.

கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அந்தப் பிள்ளைகளுக்கும் இதே கோப்புதான் தேவை: வாசிக்கும் சொல் ஒளிர, காதிலும் அது விழ, கண்ணும் காதும் சேர்ந்து போகும். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு, பாடநூல் க்யூஆர் குறியீடு வழியே திறக்கும் காணொளிகளில் தமிழ் வசனவரி வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லுக்கும் மூலம் இதே யூனிகோட் கோப்பே. பாமினி கோப்பைப் பிரெய்ல் மென்பொருளில் போட்டால் பொருளற்ற ஆங்கிலப் புள்ளிகளே வரும்.

கடலோரத்துக்கென்று சில காரியங்கள் உண்டு. சிக்னல் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர்களில் 'இணையத்தில் இருக்கிறது' என்ற பதில் உதவாது. தமிழ்க் குரல் தரவைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஒலிப்பாடம் பதிவு செய்வதானால் ஒலித்தரம் 64 கேபிபிஎஸ், மோனோ (ஒற்றைத் தடம்) போதும். ஒரு மணி நேரம் சுமார் 29 எம்.பி.தான் பிடிக்கும். உட்தலைப்புக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்தி, கடல் பக்க ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஒலிவாங்கியில் காற்று மோதினால் வல்லெழுத்தெல்லாம் மங்கிப்போகும். உப்புக்காற்றில் சார்ஜ் போடும் துளை அரித்துப்போவது சாதாரணம். ஆகவே மெமரி கார்டில் உள்ள பாடங்களுக்கு இன்னொரு நகல் பள்ளியில் இருக்கட்டும். பிரெய்ல் நூல்களைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் இளகி, மேலே உள்ள பாரத்தில் புள்ளி அமுங்கிவிடும். நிறுத்தி வைத்து, பக்கத்து நூலோடு இறுக்காமல் விடுங்கள்.

'பாடநூலை இப்படி மாற்றினால் பதிப்புரிமைப் பிரச்சினை வராதா?' என்று கேட்கிறார்கள். வராது. 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கின்றி, அவர்களுக்கேற்ற வடிவில் நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. நகல் மற்றவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2016 சட்டத்தின் 17ஆவது பிரிவோ, வரையறுக்கப்பட்ட அளவு (40 சதவீதமோ அதற்கு மேலோ) குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை நூல்களையும் கற்றல் பொருள்களையும் கருவிகளையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. கருவியை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள அதில் இடமில்லை.

மாவட்டக் கல்வி அலுவலர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒரே பாடத்தைத் தொண்டியில் ஒருவரும் சாயல்குடியில் ஒருவரும் தனித்தனியே திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். திருத்திய கோப்புகளை வட்டார வள மையங்களில் சேர்த்து வைத்து, பள்ளிகள் பென்டிரைவில் எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். அடுத்து, வரும் காலாண்டுத் தேர்விலிருந்து, வினாத்தாள் அச்சுக்குப் போகும் அன்றே அதன் யூனிகோட் கோப்பும் கடவுச்சொல் போட்டுத் தலைமையாசிரியரிடம் வரட்டும். அனுப்புமுன் அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
ராமநாதபுரம் கடலோரப் பகுதி