கைக்குழந்தை மரணமும் சி.டி. ஸ்கேனும்

டெல்லி எய்ம்ஸில் 2021 முதல் நடக்கும், உடலை அறுக்காமல் ஸ்கேன் படங்களால் செய்யும் மெய்நிகர் உடற்கூறாய்வு பற்றிய செய்தியைப் படித்தேன். தலைக்காயத்தால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படும் கைக்குழந்தைகளுக்குத்தான் இது முதலில் வர வேண்டும். மண்டையோட்டு விரிசலும் ஆறிவரும் விலா எலும்பு முறிவும் சி.டி.யில் தெரியும், உடலை அடக்கம் செய்த பிறகும் படம் இருக்கும். ஸ்கேன் பிரிவில் நான் இருந்தபோது, ‘தூளியிலிருந்து விழுந்தது’ என்று கொண்டுவந்த ஐந்து மாதக் குழந்தைக்கு வெளியே தெரியும்படி ஒரு கீறல்கூட இல்லை. படத்தில் பார்த்தால், மூன்று விலா எலும்புகள் முன்பே முறிந்து ஒட்டத் தொடங்கியிருந்தன.

சரி, படம் மட்டும் போதாதுதான். மூளைமேல் மெல்லிய படலமாகப் படியும் ரத்தக்கசிவு சி.டி.யில் தப்பிவிடலாம், விழித்திரையில் ரத்தக்கசிவு உண்டா என்று தனியே பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு வயதுக்குட்பட்டோரின் சந்தேக மரணங்களில், உடற்கூறாய்வுக்கு முன் முழு உடல் சி.டி. எடுப்பதை அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயமாக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஸ்கேன் டெக்னீஷியன், திருச்சி