அந்தப் பெட்டியை யார் நிரப்பப் போகிறார்கள்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய திட்டத்தை வரி விடாமல் படித்தேன். அம்மாவும் படித்தாள். நீயும் உன் தோழிகளும் சேர்ந்து சென்னையில் சாப்பாட்டு வென்டிங் மெஷின் வைக்கப் போவதாகவும், அதற்கு ஜப்பான்தான் முன்மாதிரி என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கிற வேலையை விடுவதற்கு முன்னால் என்னைக் கேட்கத் தோன்றியதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் கணக்கில் மெஷின் விலை இருக்கிறது, இடத்துக்கு வாடகை இருக்கிறது, யுபிஐ இருக்கிறது, தொடுதிரையில் என்னென்ன படம் வரும் என்பதுகூட இருக்கிறது. சமையலைப் பற்றி மட்டும் ஒரே வரி: ‘உணவு வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளப்படும்.’ எனக்கு அந்த வரியைத் தாண்டி மனசு நகரவில்லை. இத்தனை வருஷம் இங்கே ஜப்பானில் இருந்து நான் பார்த்ததில், ஜனங்கள் தேடிப் போய்ச் சாப்பிடுகிற எந்த மெஷினும் ஆளில்லாமல் ஓடவில்லை. ஆள் நம் கண்ணில் படமாட்டார், அவ்வளவுதான்.

நம் குன்மா மாநிலத்து ஃபுஜியோகாவில், சாலையோரத்தில் சாப்பாட்டு மெஷின்கள் நிற்கும் நானகோஷி டிரைவ்-இன் உனக்கு நினைவிருக்கும். 1975இலிருந்து இருக்கிற இடம். அந்தப் பக்கம் போனாலே வண்டியை நிறுத்தச் சொல்வாய். உனக்கு டோஸ்ட் மெஷின்மேல் ஆசை. அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச் கொதிக்கக் கொதிக்க வந்து விழும். கையில் பிடிக்க முடியாமல் சட்டை நுனியால் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் பக்கத்தில் உடோன், அதான் அந்தத் தடித்த கோதுமை நூடுல்ஸ், தருகிற மெஷின் முன்னால் நிற்பேன். எனக்குப் பசி என்று நீ நினைத்திருப்பாய். இயந்திரத் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்தப் பெட்டி எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

அதன் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உனக்கு இது தேவைப்படும். ஃபுஜி எலக்ட்ரிக் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த மெஷின் அது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும், சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் எரிந்து ஒவ்வொன்றாகக் குறையும். அரை நிமிஷத்துக்குள் ஆவி பறக்க ஒரு கிண்ணம் தயார். இதில் மைக்ரோவேவ் எதுவும் கிடையாது. முன்கூட்டியே வேகவைத்த உடோன் போட்ட கிண்ணங்கள் உள்ளே குளிர்ச்சியில் அடுக்கியிருக்கும். அதில் ஒன்று நகர்ந்து வரும், அதன்மேல் கொதிநீர் பாயும். உடனே கிண்ணம் பம்பரமாகச் சுழலும். அந்த வேகத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறித்து வடிந்துவிடும், உடோன் உள்ளேயே தங்கிவிடும். உடோன் கடையில் சமையல்காரர் வடிகட்டியை உதறுகிறாரே, அந்த வேலையை மோட்டார் செய்கிறது. பிறகு இன்னொரு முறை கொதிநீரும் சூப் மாதிரியான சாறும் சேர்ந்து இறங்கும். கிண்ணத்தை எடுத்து, மெஷினிலேயே இருக்கும் பெட்டியிலிருந்து குச்சியை உருவி, மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட வேண்டியதுதான்.

இது மெஷினின் பாதி. மறுபாதியைக் குன்மாவிலேயே வேறொரு இடத்தில் விடியற்காலையில் பார்த்தேன். நிரப்புகிறவர் கதவைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் நின்று பார்த்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தின் அடியில் முதலில் பொரித்த காய்கறித் தெம்புராவை வைக்கிறார், அதற்கு மேல்தான் உடோன். நாம் கடையில் சாப்பிடும்போது தெம்புரா மேலேதானே இருக்கும், இங்கே ஏன் அடியில் என்று கேட்டேன். மேலே வைத்தால் சுழற்றும்போது பிய்ந்து பறந்துவிடும் என்றார். உடோனையும் உடனே பரிமாறுகிற பதத்துக்கு வேகவைப்பதில்லை. பெட்டிக்குள் எத்தனை நேரம் கிடக்கும், கொதிநீர் எத்தனை விநாடி படும் என்பதை மனசில் வைத்து அவர் ஒரு பதம் பழகியிருக்கிறார். மெஷினோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கிற விஷயம் இல்லை அது. அவர் அந்த மெஷினுக்காகவே சமைக்கக் கற்றுக்கொண்ட ஆள்.

இந்த மெஷின்களின் தயாரிப்பு 1990களிலேயே நின்றுவிட்டது. நாளெல்லாம் திறந்திருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர் தெருவுக்குத் தெரு வந்த பிறகு, நெடுஞ்சாலை ஓரத்து மெஷின்களுக்கு இருந்த அவசியம் குறைந்துபோனது. உதிரி பாகமும் கிடையாது. இருந்தும் சிலது இன்னும் ஓடுகின்றன, அம்மாடி. ஓடவைக்கிற மனுஷர்கள் இருக்கிற இடத்தில் மட்டும் ஓடுகின்றன.

அகிதா துறைமுகத்து மெஷினைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கடையின் வாசலில் உடோனும் சோபா என்கிற பக்வீட் நூடுல்ஸும் தரும் மெஷின் ஒன்று பல பத்தாண்டுகளாக நின்றது. கிண்ணம் 200 யென். ஜப்பான் கடலிலிருந்து பனியை வாரிக்கொண்டு காற்றடிக்கிற இடம் அது. குளிர்காலத்தில் இங்கத்திய பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே அந்த மெஷின் முன்னால் 72 மணி நேரம் கேமராவை வைத்து, வந்தவர்களை எல்லாம் பேசவைத்து, 2015இல் ஒளிபரப்பியது. நானும் அம்மாவும் பார்த்தோம். வேறு எங்கேயும் போய்ச் சாப்பிடலாம், ஆனாலும் இங்கேதான் வருவேன் என்று அந்தக் குளிரில் நின்றுகொண்டே உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம், 2016 மார்ச்சில் கடையை மூடிவிட்டார்கள். மெஷினின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஊர்க்காரர்கள் விடவில்லை. அதே துறைமுகத்தில் இருக்கும் சாலையோர ஓய்விடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஓடவைத்தார்கள். ஒரு தகரப்பெட்டியைக் காப்பாற்ற ஊர் கூடியது என்றால் அதில் வந்த சாறின் ருசிக்காகவும், அந்தச் சாறைக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றிய கைக்காகவும்தான் என்று நான் நம்புகிறேன்.

டோக்கியோ பக்கம் சாகமிஹாராவில் இருக்கிற கடையை நீயே இன்டர்நெட்டில் பார்த்திருப்பாய். பழைய டயர் விற்கிற கடை. டயர் மாற்றும்வரை வாடிக்கையாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று முதலாளி பழைய மெஷின்களை வாங்கி நிறுத்த ஆரம்பித்தார். இப்போது டயருக்கு வருகிறவர்களைவிட மெஷினுக்கு வருகிறவர்கள்தான் அதிகமோ என்னவோ, வாரக்கடைசியில் கூட்டம் தாங்காது. உடோன், ராமென், ஹாம்பர்கர், டோஸ்ட் என்று வரிசையாக நிற்கின்றன. துருப்பிடித்துக் கிடந்ததைக் கொண்டுவந்து, கிடைக்காத பாகத்தைத் தானே செய்து போட்டுச் சரிபண்ணுகிறார் அந்த மனுஷர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கைவேலையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். உள்ளே போகும் சாப்பாட்டையும் அவர்களே சமைத்து நிரப்புகிறார்கள் என்பது ஒரு வரியில் வந்துபோகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி உன் திட்டத்தில் ‘விசித்திர மெஷின்கள்’ என்று நீ படம் போட்டிருக்கிற பகுதிக்கு வருகிறேன். அதில் இரண்டைப் பற்றி எனக்குத் தெரியும்.

பாட்டிலுக்குள் முழு மீன் கிடக்கிறதே, அது தாஷி, உடோனுக்கெல்லாம் அடிப்படையாக ஊற்றுகிற சாறு. ஹிரோஷிமா பக்கம் எதாஜிமாவில் இருக்கும் நிதாண்டா என்ற சோயா சாஸ் நிறுவனம் செய்வது. அந்த மீன் நம் கோலா மீன்தான், பறவைக்கோலா. அதைச் சுட்டு முழுசாகப் பாட்டிலில் இறக்கி, சாறு ஊறவைத்து, 500 மில்லி பாட்டிலாக விற்கிறார்கள். வீட்டில் உடோன் செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது வெவ்வேறு ஊர்களில் கார் நிறுத்துமிடங்களின் ஓரத்தில்கூட அந்த மெஷின் நிற்கிறது. வேடிக்கைக்காகப் பாட்டிலில் மீனைப் போட்டதாக நீ எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை, கண்ணு. அவர்கள் தொழிலோடு சேர்ந்த சரக்கு அது. கெடாமல் நிற்கும், சூடு பண்ண வேண்டாம், யார் வீட்டு அடுப்பிலும் ருசி மாறாது. மெஷினில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது கரடி இறைச்சி. அகிதா மாநிலத்தில் செம்போக்கு ஊரில், தாஸாவாகோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2022 நவம்பரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வைத்த மெஷின். அப்போது 250 கிராம் 2,200 யென். உள்ளூர் வேட்டைக்காரர்கள் பக்கத்து மலைகளில் பிடிக்கிற கரடி. வேட்டைக் காலம் முடிந்து சரக்கு தீர்ந்தால் மெஷினில் கரடி இருக்காது. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். மலையில் எது கிடைக்கிறதோ அதுதான் பெட்டிக்கு வருகிறது. பெட்டியை நிரப்பியாக வேண்டுமே என்று யாரும் எங்கிருந்தோ எதையோ கொண்டுவந்து அடைக்கவில்லை.

உறையவைத்த உணவு விற்கிற மெஷின்கள் இவ்வளவு பெருகியதற்கு வேறு காரணம் உண்டு. கொரோனா நேரத்தில், 2021 ஜனவரியில், டோக்கியோ பக்கம் கடைகளை இரவு எட்டு மணிக்கே மூடச் சொன்னார்கள். அதே மாதம் சாண்டன் நிறுவனம் தோஹியேமோன் என்ற மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அளவு அளவாகத் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ராமென் பொட்டலமும் வைக்கலாம், கொழுக்கட்டை மாதிரி இருக்கிற கியோஸா பெட்டியும் வைக்கலாம். வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் தங்கள் சாறையே உறையவைத்து வாசலில் விற்றார்கள். பெயர் தெரிந்த கடை, பழகிய ருசி, அதனால் ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். நம் குன்மாவின் மினகாமியில் ஆரம்பித்த யுகிமாட்சு கியோஸாக்காரர்கள் கொரோனாவுக்கு முன்பே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். மெஷினே வேண்டாம், ஒரு ஃப்ரீசரும் காசுப் பெட்டியும் போதும் என்று வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் 36 கியோஸா 1,000 யென். சில்லறை தர ஆள் இல்லை, நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உனக்கு யுபிஐ எப்படியோ அப்படித்தான் இவர்களுக்கு 1967இல் வந்த செப்பு-நிக்கல் 100 யென் நாணயம். அதற்கு முன் 100 யென் வெள்ளியில் இருந்தது. புது நாணயம் கையில் புழங்க ஆரம்பித்த பிறகுதான் நாடெங்கும் மெஷின் பரவியது. ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் 56 லட்சம் என்று உச்சத்துக்குப் போன எண்ணிக்கை இப்போது 40 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டு போய் நிரப்புகிறதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பது ஒரு முக்கியமான காரணம். உன் திட்டத்தில் அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கே என்று தேடிப்பார்த்தேன், இல்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மெஷினைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்து. முதலில் சமைக்கிறவரைத் தேடு. உன் ஆபீஸ் பக்கம் மெஸ் நடத்துகிற அக்காவின் புளிக்காய்ச்சலைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருக்கிறாய்! அவரைப் போய்ப் பார். மெஷினில் வைத்தால் எது கெடாமல் நிற்கும், எது நிற்காது என்று அவரிடம் கேள். தேங்காய்ச் சட்னி சென்னை வெயிலில் எத்தனை மணிக்குப் புளிக்கும் என்று உன் தொடுதிரைக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். புளிக்காய்ச்சல் பாட்டிலாக நிற்கும். பருப்புப்பொடி நிற்கும். சாம்பாரை உறையவைக்கலாமா, கரண்ட் போய்ப் போய் வந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அவரோடு உட்கார்ந்து செய்துபார்க்க வேண்டும். சுடச்சுட இட்லி தருகிற மெஷினிலிருந்து ஆரம்பிக்காதே. அது நல்ல யோசனைதான், ஆனால் முதல் யோசனையாக இருக்கக் கூடாது. தாஷிக்காரர்களைப் போல, மெஷினுக்கு ஏற்ற பண்டம் எது என்று பிடித்துவிட்டால் பெட்டி பழசாக இருந்தாலும் போதும். அந்த அக்காவுக்கு இதில் பங்கு இருக்க வேண்டும், அம்மாடி. சரக்கு தருகிறவராக இல்லை, கூட்டாளியாக. அவர் பெயரும் பெட்டிமேல் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. முதல் மெஷினுக்கு நான் தருகிறேன், அம்மாவிடம் பேசிவிட்டேன். அதற்கு முன் எனக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்பு. யார் சமைப்பார், எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார், விற்காமல் மிஞ்சினதை என்ன செய்வீர்கள். மாடல் நம்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற மோட்டார், கம்ப்ரஸர் விஷயமெல்லாம் நான் பார்த்துச் சொல்கிறேன், அது என் பாடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் உனக்கு எட்டரை. எழுந்திருப்பாய் என்று நினைக்கிறேன். முடிந்தால் அந்த அக்காவிடம் பேசிவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா