பேக்கப் கருவியின் பதிவுகளுக்குத் தனி இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் மருத்துவமனைகள், கல்லூரிகள், நிதி நிறுவனங்களில் பராமரிப்புக் கருவிகளை நிறுவுவோர், அந்தக் கருவி எந்த வேலையை எப்போது செய்தது என்ற தன் பதிவுகளை எந்தத் தரவுத்தளத்தில் எழுதும் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கவனிக்காமல் விட்டால் அவை, சர்வரின் சொந்த அமைப்புகளை வைத்திருக்கும் 'மாஸ்டர்' தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாஸ்டருக்கு முழு பேக்கப் மட்டுமே எடுக்க முடியும். அதை ரீஸ்டோர் செய்ய, அதாவது பேக்கப்பிலிருந்து மீட்க, சர்வரையே நிறுத்தி ஒற்றைப் பயனர் முறையில் எழுப்ப வேண்டும். ஒரு பதிவு டேபிளுக்காக இந்தப் பாடு எதற்கு?

நிறுவனத்தின் கணக்குத் தரவுத்தளத்திலேயே வைப்பது இன்னும் மோசம். காலை 11 மணிக்கு யாரோ ஒரு டேபிளை அழித்துவிட, 10.55 நிலைக்கு ரீஸ்டோர் செய்கிறோம் என்று வையுங்கள். 11 மணிக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய பதிவும் அதோடு போய்விடும்.

ஒவ்வொரு சர்வரிலும் இதற்கென்று சிறு தரவுத்தளம் ஒன்று போதும். ரிகவரி மாடல் 'சிம்பிள்' (லாக் பேக்கப் தேவைப்படாத முறை), ஃபைலின் வளர்ச்சி 64 எம்.பி. வீதம், தினம் ஒரு முழு பேக்கப். பலரும் பயன்படுத்தும் ஓலா ஹாலென்கிரெனின் இலவச ஸ்கிரிப்டில், தொடக்கத்தில் உள்ள 'யூஸ் மாஸ்டர்' வரியில் பெயரை மாற்றினால் பதிவுகள் சேரும் 'கமாண்ட்லாக்' டேபிள் அங்கே உருவாகும். அந்த ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஜாப்களுக்கு (சர்வர் தானாக ஓட்டும் வேலைகளுக்கு) நேர அட்டவணை இருக்காது, நாம்தான் போட வேண்டும். போடாமலே பேக்கப் ஓடுவதாக நம்பியிருப்போர் உண்டு! இந்தச் சிறு தரவுத்தளத்தை அவைலபிலிட்டி குரூப்பில் (ஒரே தரவுத்தளத்தின் நகல்களைப் பல சர்வர்களில் வைக்கும் ஏற்பாட்டில்) சேர்க்காதீர்கள். இரண்டாம் நிலை சர்வரில் அதில் எழுத முடியாமல் ஜாப் பிழை காட்டி நிற்கும்.

பேக்கப் வரலாறு மட்டும் நம் விருப்பத்துக்கு வராது, சர்வரின் இன்னொரு உள் தரவுத்தளமான எம்.எஸ்.டி.பி.யில்தான் சேரும். 50 தரவுத்தளங்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (மாற்றங்களின் பதிவை மட்டும் சேமிப்பது) என்றால் நாளுக்கு 4,800 வரிகள், ஆண்டுக்கு 17.5 லட்சம். பழையதை நீக்கும் ஜாப்பை வாரம் ஒருமுறை ஓட்டலாம். பல ஆண்டுக் குவியல் என்றால் ஒரே மூச்சில் அழிக்க முயன்றால் மணிக்கணக்கில் இழுக்கும். பழைய மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாக வரவும்.

மற்றொரு தரவுத்தள மென்பொருளான ஆரக்கிளிலும் இதே கதைதான்: அதன் பேக்கப் கருவியான ஆர்மேனின் குறிப்புகள் இருக்கும் ரிகவரி கேட்டலாக்கை, அது காக்க வேண்டிய தரவுத்தளத்துக்குள்ளேயே வைப்பது பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவதுதான். வேறு இயந்திரத்தில் வையுங்கள். கேட்டலாக் இல்லாமல், தரவுத்தளத்தின் அமைப்பைக் குறித்து வைக்கும் கண்ட்ரோல் ஃபைலை மட்டும் நம்பினால், இயல்பு அமைப்பில் அதன் பேக்கப் குறிப்புகளுக்கு 7 நாள்தான் உத்தரவாதம்.

- தரவுத்தள நிர்வாகிகள், கோயம்புத்தூர்