வாசகர் மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காங்கேயம் வட்டாரத்தில் சட்டத்தையும் சமயத்தையும் பொதுவாழ்வையும் பற்றிக் கூடிப் படித்துப் பேசுவதற்காகத் தொடங்கப்பட்ட நமது மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் மன்றத்தின் அஞ்சலி.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டு நடந்திருக்க வேண்டும், ஒன்பது நடந்தன. ஒன்று மழையால் நின்றது, இரண்டு போதிய உறுப்பினர்கள் வராததால் நின்றன. ஜூலையில், அம்மாதம் முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மத உணர்வைப் புண்படுத்துவது குறித்த பழைய 295-ஏ பிரிவு 299 ஆகவும், பிரிவினரிடையே பகை மூட்டுவது குறித்த 153-ஏ பிரிவு 196 ஆகவும் மாறியிருப்பதை ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியரான நம் உறுப்பினர் விளக்கினார். ஆகஸ்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் படித்தோம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதே வரம்பு என்பதையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதையும், விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் துண்டறிக்கையாக அச்சிட்டுப் பூச்சாட்டு தொடங்கும் முன் கோயில் விழாக் குழுவுக்கும், பள்ளிவாசலுக்கும், தேவாலயத்துக்கும் கொடுத்தோம். மூன்று இடத்திலும் ஒரு எழுத்தும் மாறாத ஒரே துண்டறிக்கையைக் கொடுத்தோம் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

நவம்பர் 26 அரசமைப்பு நாளில் முகவுரை வாசிக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் முகவுரையில் சேர்ந்த ‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’ என்ற சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய நாள்தான் தள்ளுபடி செய்திருந்தது. டிசம்பரில், 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த நிலையே வழிபாட்டிடங்களின் தன்மையாகத் தொடரும் என்னும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அது தொடர்பாகப் புதிய வழக்குகளைப் பதிவு செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று இட்ட இடைக்கால ஆணையையும் பற்றிப் பேசினோம். பிப்ரவரிக் கூட்டம் சிவன்மலைத் தேர் முடிந்த பிறகு நடந்தது.

மார்ச் கூட்டம் மட்டும் சற்றுச் சூடாகவே நடந்தது. சாதியின் பேரால் கோயில் நிர்வாகத்தைத் தனியே கோருவது அரசமைப்பின் 25, 26 உறுப்புகள் காக்கும் சமய வழக்கம் ஆகாது என்றும், சாதி மட்டுமே ஒரு மதப்பிரிவு ஆகிவிடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் பிப்ரவரியில் கூறியதே அன்றைய பொருள். ‘கூட்டம்’ எனப்படும் குலப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு குலதெய்வம் என்று வாழும் நம் பகுதியில் இது பலருக்கு உறுத்தியது இயல்பே. மதப்பிரிவு எது என்பதை உச்ச நீதிமன்றம் விளக்கிய 1954ஆம் ஆண்டு ஷிரூர் மடத்து வழக்கில் தொடங்கி மதப்பிரிவுக்கும் சாதிக்கும் உள்ள வேறுபாட்டை நான் எடுத்துச் சொன்னேன். இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன். அன்று எழுந்து சென்ற நால்வரும் திரும்பி வந்து தங்கள் கருத்தைச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணியாக நான் கருதும் ஆவண மேசைக்கு, அதாவது ஊராரின் நிலத் தாள்களைப் படித்துச் சொல்ல மன்றத்தில் நாம் போட்ட மேசைக்கு, வருகிறேன். இதைப் பற்றி மன்றத்துக்கு உள்ளும் வெளியிலும் பலவிதமாகப் பேசப்பட்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் விளக்கேற்றவும், பூசைக்கும், நந்தவனத்துக்கும், பூசாரிக்கும், மேளம் வாசிப்பவருக்கும் என்று கோயில்களுக்கு நிலம் மானியமாக விடப்பட்டது. பள்ளிவாசல்களுக்கும் அவ்வாறே விடப்பட்டது. இந்த மானியங்களுக்கு இனாம் என்றும் பெயர். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து இனாம் தூய பதிவேட்டில் எழுதி, டி.டி. (டைட்டில் டீடு) எண்ணுடன் உரிமைச் சீட்டு கொடுத்தது. சில மானியங்களில் தீர்வை வாங்கும் மேல்வாரம் மட்டுமே கோயிலுக்கு, நிலத்தை உழுது அனுபவிக்கும் குடிவாரம் உழுதவருக்கு. சிலவற்றில் இருவாரமும் கோயிலுக்கே. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் 1965 பிப்ரவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தபோது, செட்டில்மெண்ட் தாசில்தார்கள் விசாரித்துச் சில புல எண்களுக்குக் கோயில் பேரிலும், சிலவற்றுக்கு உழுதவர் பேரிலும் பட்டா கொடுத்தார்கள். அதன் பிறகு அந்நிலங்கள் கைமாறின, பாகம் பிரிந்தன; அவற்றில் வீடுகளும் அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும் எழுந்தன.

2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. உரிய அனுமதி இல்லாமல் சமய நிறுவனத்தின் சொத்தைக் கைமாற்றும் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பின்னரே பல குடும்பங்களுக்குத் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் தங்கள் புல எண்ணுக்கு எதிரே, பத்திரம் பதிய முடியாதபடி, ‘பூஜ்ஜிய மதிப்பு’ என்று இருப்பது தெரிய வந்தது. மகள் திருமணத்துக்கு அரை ஏக்கர் விற்க முடியவில்லை, வங்கியில் அடமானம் வைக்க முடியவில்லை, பாகப்பிரிவினையும் பதிவாகவில்லை. இது கோயில் நிலத்தோடு நிற்கும் பிரச்சினை அல்ல. 2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் வக்ஃபு வாரியத்தின் கடிதத்தால் பத்திரப்பதிவு நின்று, ஊரே திகைத்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம் பற்றியும் நாம் படித்தாக வேண்டும்.

கோயிலின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. அறநிலையத் துறையின் கணக்கில் கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. ஆனால் ஒருகாலப் பூசைக்கே வழியில்லாத கோயில்கள் நம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. கோயில் சொத்தை விற்பதும், அடமானம் வைப்பதும், 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது என்று 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்லியும் நிலங்கள் போயின. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் அவற்றின் சொத்துகளையும் காக்க 75 வழிகாட்டுதல்களை இட நேர்ந்ததும் இதனால்தான்.

இப்படி இரு பக்கமும் நியாயம் இருக்கும் ஒரு விஷயத்தில், தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டதைக் கொண்டு ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துத்தான் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் மாலை 4 முதல் 7 வரை மன்றத்தின் முன்னறையில் ஆவண மேசை போட முன்மொழிந்தேன். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், புல எண்வாரியாக நில விவரம் உள்ள ‘அ’ பதிவேடு, புலப்படம், நிலவரி கட்டியதற்கான கந்தாய ரசீது ஆகியவற்றை வைத்துப் படித்து, எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்வது மட்டுமே நமது வேலை. மனு எழுதுவதில்லை, வழக்குக்கு ஆலோசனை சொல்வதில்லை, கட்டணம் வாங்குவதில்லை. இவ்வாண்டில் 63 பேர் வந்தார்கள். இனாம் தூய பதிவேட்டின் நகலுக்காக நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை சென்றேன். அதில் இரண்டு முறை போக்குவரத்துச் செலவை மன்றக் கணக்கில் எழுதவில்லை என்பதைப் பொருளாளர் அறிவார்.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் பைக்குள் இன்னொரு துணிப்பை, அதற்குள் நான்காக மடித்த 1969ஆம் ஆண்டுக் கந்தாய ரசீது. மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. “ஏனுங்க தம்பி, சாமி சொத்தைத் தின்னா ஏழு தலைமுறைக்கும் ஆகாதுன்னு எங்க மாமனாரு சொல்லுவாருங்க. பதியறதும் பதியாததும் அப்புறமுங்க. இது சாமி சொத்தா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றார். மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து பார்த்தோம். பதிவேட்டில் நந்தவனத்துக்காக விடப்பட்டிருந்த மானியம் இட்டேரிக்கு, அதாவது வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டிப்பாதைக்கு, மேற்கே இருந்த பழைய புல எண். அவர்களுடைய நிலம் இட்டேரிக்குக் கிழக்கே. பிற்பாடு புல எண்கள் உட்பிரிவு ஆனபோது இரண்டும் ஒரே தலைப்பு எண்ணின் கீழ் வந்திருந்தன. கோயில் தரப்பின் ஆட்சேபம் இருந்தால் சார்பதிவாளர் இரு தரப்பையும் அழைத்து விசாரித்தே முடிவு சொல்ல வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றம் கூறியிருப்பதை வைத்து, அவருடைய பேரன் வழக்கறிஞர் மூலம் மனு செய்தார். தடை நீங்க எட்டு மாதம் ஆயிற்று. அன்று அந்த அம்மாள் மன்றத்துக்கு வந்து, மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டார்: “அப்போ சாமிதுல்லீங்களே?” இல்லை என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்தச் செய்தி பரவியதும், மன்றம் கோயிலுக்கு எதிராக வேலை செய்கிறது என்று விழாக் குழு நண்பர்கள் சிலர் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து இதற்கு நேர்மாறான குற்றச்சாட்டும் வந்தது. நம் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருக்கு உரிய, கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் தாள்களைப் பார்த்தபோது, அது பூசாரி ஊழியத்துக்காக இருவாரமும் சேர்த்து விடப்பட்ட மானியம் என்றும், செட்டில்மெண்டில் பட்டா கோயில் பேரிலேயே கொடுக்கப்பட்டது என்றும் தெளிவாகத் தெரிந்தது. அக்குடும்பம் முழு விலை கொடுத்து வாங்கிய நிலம் அது. விற்றவர் மறைத்ததற்கு வாங்கியவர் துன்பப்படுவது கொடுமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாளில் இருப்பதை மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நம்மவர் என்பதற்காகச் சொல்லாமல் விடவும் என் மனம் ஒப்பவில்லை. அன்றிலிருந்து அந்த உறுப்பினர் மன்றத்துப் படியேறவில்லை. அவரோடு இன்னும் ஐந்தாறு பேரும் வருவதில்லை. ‘செயலாளர் கோயில் பக்கம் சாய்ந்துவிட்டார்’ என்று சொல்லப்படுவதையும் கேட்டேன். அவர்கள் யார்மீதும் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் மீதமிருக்கும் வழி என்ன என்பதைப் பார்க்க, அதே தாள்களோடு அதே மேசையில் உட்கார நான் இன்றும் ஆயத்தமாக இருக்கிறேன்.

உறுப்பினர் சந்தா குறித்து மனம் விட்டுச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் 112 பேர் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 500 ரூபாயைக் கட்டியவர்கள் 58 பேர். நிலுவையில் உள்ள 54 பேரில் 31 பேருக்கு இரண்டாண்டுக்கும் மேல் பாக்கி. நினைவூட்டுக் கடிதம் இருமுறை அனுப்பினேன், நேரிலும் சென்றேன். சந்தாவே கட்டாத சிலர், மேசைக்கு மன்றப் பணம் வீணாகிறது என்று பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. செயற்குழுவின் பதினொருவரில் நால்வர் மூன்று கூட்டங்களுக்குக்கூட வரவில்லை. நமது மன்றம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளருக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். கையெழுத்து வாங்க ஒவ்வொருவர் தோட்டமாக அலைந்து, இவ்வாண்டும் கடைசி வாரத்தில்தான் தாக்கல் செய்ய முடிந்தது. கோயில் நிர்வாகம் சட்டப்படி நடக்க வேண்டும் என்று பேசும் மன்றம் தன் வீட்டுக் கணக்கில் தவறக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக முடிந்துள்ளன. வரவில் பெரும்பகுதி சந்தாவும், நன்கொடையாளர் இருவர் அளித்த தொகையும் ஆகும். செலவில் வாடகை, மின்கட்டணம், நகல் கட்டணம், துண்டறிக்கை அச்சு ஆகியவை முக்கியமானவை. சிறு பற்றாக்குறை முந்தைய ஆண்டின் கையிருப்பிலிருந்து ஈடு செய்யப்பட்டது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

கூட்டங்களுக்குத் தலைமை ஏற்ற தலைவர் அவர்களுக்கும், கணக்கை ஒழுங்காக வைத்த பொருளாளருக்கும், மேசைக்குப் பூதக்கண்ணாடி இரண்டை வாங்கித் தந்த அன்பருக்கும், மாலைதோறும் அறையைத் திறந்து பெருக்கி வைத்த அம்மாளுக்கும், துண்டறிக்கையைத் தத்தம் வழிபாட்டிடத்தில் படித்துக் காட்டிய பெரியவர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மேசை தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். தொடர்வதானால் மூன்று தேவைகள் இருக்கின்றன. பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் வேண்டும். இப்போது நான் ஒருவனே படிக்கிறேன், என் கண்ணுக்கு மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார். நகல்களைச் சேமித்து வைக்க ஸ்கேனர் ஒன்று வேண்டும். நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலும் அது நன்கொடை கேட்காமலே வாங்கக்கூடிய பொருள்தான். மூன்றாவதாக, கோயில் தரப்பிலிருந்து ஒருவரும், நிலத்தில் இருப்போர் தரப்பிலிருந்து ஒருவரும் மேசையில் என் இருபுறமும் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம். நான் படிப்பது சரிதானா என்பதை இருவரும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் முழுமனத்துடன் ஒப்படைப்பேன். மேசையில் உட்காரும் வேலையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை முதல் சனிக்கிழமைக்கு ஏற்கெனவே ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன்னறைச் சாவி ஒன்று என்னிடமும் மற்றொன்று தலைவரிடமும் உள்ளது. மாலை 3.30 மணிக்கே அறை திறந்திருக்கும். உடனிருந்து உதவ விரும்பும் உறுப்பினர்கள் அந்நேரத்துக்கு வரலாம்; சந்தா ரசீதுப் புத்தகமும் அன்று மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்