விடுமுறைக்கு இரண்டு கணக்கு விளையாட்டுகள்

பெற்றோர்களுக்கு வணக்கம். காலாண்டு விடுமுறையில் வீட்டுப்பாடத் தாள் கிடையாது. விரும்பினால் இவற்றை விளையாடிப் பாருங்கள்.

1, 2ஆம் வகுப்புக்கு: 12 புளியங்கொட்டைகளை வையுங்கள். இருவர் மாறி மாறி ஒன்று, இரண்டு அல்லது மூன்று கொட்டைகளை எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. பிள்ளையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அவர் எடுப்பதும் நீங்கள் எடுப்பதும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 4 வந்தால் வெற்றி உங்களுக்கே. ரகசியத்தைச் சொல்லிவிடாதீர்கள், தோற்கும் எரிச்சலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அழுகை வந்தால் மட்டும் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம்!

3 முதல் 5ஆம் வகுப்புக்கு: மூன்று இலக்க எண் ஒன்றை எழுதுங்கள். 222 போல எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை மாற்றியடுக்கி, மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழியுங்கள். விடையை வைத்து மீண்டும் அதையே செய்யுங்கள். 352 என்றால்:

532 − 235 = 297
972 − 279 = 693
963 − 369 = 594
954 − 459 = 495

இனி எத்தனை முறை கழித்தாலும் 495தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஆறு கழித்தலில் இங்கே வந்து நிற்கும். இடையில் 99 வந்தால் 099 என்று எழுத வேண்டும். கடன் வாங்கிக் கழிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நான்கு இலக்க எண்ணில் தொடங்கினால் எங்கே போய் முடியும்? அதைக் கண்டறிந்து 1949இல் சென்னைக் கணித மாநாட்டில் அறிவித்தவர், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். விடையைக் குழுவில் போட வேண்டாம். பள்ளி திறந்ததும் பிள்ளைகளே வந்து சொல்லட்டும்.